ஐஸ் பெட்டிக்கு முதல் இடம்

தி.நகரில் ஒரு பட்டுப் புடவைக் கடை முதலாளி இருக்கிறார். காலையில் பூஜை முடித்ததும் போனை எடுத்துத் தன் கடையின் பெயரையே தட்டித் தேடுவார். அவர் கடை முதலில் வந்து நிற்கும். மனிதருக்கு உச்சி குளிர்ந்துவிடும். "பாத்தீங்களா, நாமதான் ஃபர்ஸ்ட்டு" என்று அதைப் படம் பிடித்து எனக்கு அனுப்புவார். பெயர் தெரிந்தவன் நேராகக் கடைக்கே வந்துவிடுவான், பெயர் தெரியாதவன் என்ன தட்டுகிறான் என்பதுதான் விஷயம் என்று அவருக்குப் புரியவைக்க எனக்கு ஆறு மாதம் ஆனது. இப்போதும் படம் அனுப்புகிறார். அனுப்பட்டும்.

என் தொழிலே அதுதான். பெயர் தெரியாதவன் போனில் தட்டும் நாலு வார்த்தையைக் கண்டுபிடித்து, அந்த நாலு வார்த்தைக்கு என் வாடிக்கையாளரின் வெப்சைட் மேலே வந்து நிற்கும்படி செய்வது. தரமணியில் ஒரு பெரிய கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் இதையே செய்தேன். அப்புறம் வேலையை விட்டுவிட்டு ஆழ்வார்பேட்டையில் ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு மேலே ஒற்றை அறை எடுத்துத் தனியாக உட்கார்ந்துவிட்டேன். நான் இதில் கெட்டிக்காரி. அடக்கம் என்ற பெயரில் இதை மறைத்துப் பேசும் பழக்கம் எனக்கு இல்லை. மற்றவர்கள் ஆறு மாதம் கேட்கும் வேலைக்கு நான் மூன்று மாதம் கேட்பேன், பெரும்பாலும் இரண்டில் முடித்துவிடுவேன்.

ஒரு நாள் முற்பகல் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தது.

"மேடம், கீழதான் நிக்கிறேன். மேல வர்லாமா?"

"வாங்க. இதுக்கெல்லாமா கேப்பாங்க?"

"இல்ல, என் தொழிலு இன்னான்னு சொல்ட்டு வந்துடறேன். வேணான்னா இப்டியே போய்டுவேன். ஐஸ் பெட்டி வாடகைக்கு வுடறேன்."

மேலே வரச் சொன்னேன். ஐம்பத்தைந்து வயது இருக்கும். வெள்ளைச் சட்டை, கால் சட்டை, தோளில் ஒரு துண்டு. நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார். வெளிநாட்டுப் பிள்ளைகள் வந்து சேரும்வரை இறந்தவரை வீட்டிலேயே வைத்திருக்கக் கண்ணாடி மூடி போட்ட குளிர்பெட்டி கொண்டுவருவார்களே, அந்தத் தொழில். மந்தவெளியில் இருப்பு. இரண்டு பெட்டி, ஒரு வேன். வேனின் கதவில் மஞ்சள் பெயின்டில் அவருடைய போன் நம்பர். அந்த நம்பரைத் தானே நின்று எழுதவைத்ததாகச் சொன்னார்.

"முன்னாடில்லாம் பூக்கடைக்காரரு கூப்டுவாரு, பந்தல்காரரு கூப்டுவாரு. இப்ப அந்த வூட்டுப் புள்ளைங்க அங்கந்தே போன்ல புடிச்சுடுதுங்க. யார புடிக்கிதுங்கோ? ஒரு சைட்ட. அவங்கிட்ட பெட்டியும் கெடயாது, வண்டியும் கெடயாது. மயிலாப்பூர்னு போட்டாலும் அவன்தான் வரான், அடையாறுன்னு போட்டாலும் அவன்தான் வரான்."

அந்த சைட்டை எனக்குத் தெரியும். ஒரே போட்டோவை வைத்துக்கொண்டு பேட்டைக்கு ஒரு பக்கம் போட்டு, வரும் அழைப்பையெல்லாம் வாங்கிப் பெட்டிக்காரர்களுக்கு விற்கிறவர்கள். அவர்கள் இவரிடம் வந்திருக்கிறார்கள். அழைப்பு நாங்கள் தருகிறோம், வண்டியில் எங்கள் ஸ்டிக்கரை ஒட்டிக்கொள், உன் நம்பரை அழித்துவிடு என்பது ஏற்பாடு. பங்குனி முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும்.

"என் நம்பர அழிச்சுட்டா நான் யாரும்மா அப்பால? அவன் வண்டிக்கு டிரைவரு. ஆனா போனு அடிக்கல. பத்து நாளா ரெண்டு பெட்டியும் சும்மா கீது."

பெட்டி சும்மா இருக்கிறது என்று வருத்தப்படுவதை வெளியே சொல்லக்கூட முடியாத தொழில் அது. அவர் சொல்லிவிட்டு உடனே தலையைக் குனிந்துகொண்டார்.

"ரெண்டு மாசம் குடுங்கண்ணா. நம்பரை அழிக்க வேண்டாம்" என்றேன். ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை.

மக்கள் என்ன தட்டுகிறார்கள் என்று தோண்டிப் பார்த்தேன். இந்த ஊரில் பிளம்பர் தேடுகிறவனும் பிரியாணி தேடுகிறவனும் 'பக்கத்தில்' என்று சேர்த்துத் தட்டுவான். ஐஸ் பெட்டிக்கு அந்த வார்த்தை வரவே இல்லை. அடையாறு, மயிலாப்பூர், பெசன்ட் நகர் என்று பேட்டையின் பெயரைத்தான் தட்டியிருந்தார்கள். ஏன் என்று முதலில் பிடிபடவில்லை. அப்புறம், தேடல்கள் எந்த நாட்டிலிருந்து வருகின்றன என்ற கணக்கைத் திறந்து பார்த்தபோது புரிந்தது. பாதிக்கு மேல் கடல் தாண்டி. தேடுகிறவனுக்குப் பக்கத்தில் எதுவுமே இல்லை. அவன் எங்கோ ஒரு விமான நிலைய வரிசையில் நின்றுகொண்டு, அப்பாவோ அம்மாவோ கிடக்கும் தெருவின் பெயரைத் தட்டிக்கொண்டிருக்கிறான்.

அந்தப் போட்டி சைட்டுக்கு இது தெரியவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. சிரித்துக்கொண்டே வேலையை ஆரம்பித்தேன் என்றால் கேட்க நன்றாக இருக்காது, ஆனால் உண்மை அதுதான்.

அவரை ஒரு வாரம் தினமும் வரவழைத்துப் பேசவிட்டு நான் டைப் அடித்தேன். அந்த மனிதரின் தலைக்குள் தென் சென்னையின் மாடிப்படிகள் அத்தனையும் இருந்தன. எந்தக் காலத்து பிளாட்டுகளில் லிஃப்டுக்குள் பெட்டி நிற்காது, எந்தப் படிக்கட்டில் இரண்டாவது திருப்பத்தில் தலைப்பக்கத்தை உயர்த்த வேண்டும், பெட்டிக்கு எந்த பிளக் வேண்டும், கரன்ட் போனால் எவ்வளவு நேரம் தாங்கும், டாக்டரிடம் என்ன சான்றிதழ் வாங்க வேண்டும், பக்கத்து வீட்டுக்காரரிடம் எந்தச் சாவியைக் கேட்க வேண்டும். எல்லாவற்றையும் 'நீங்கள் வந்து சேரும்வரை இங்கே நடக்க வேண்டியவை' என்று ஒரே பக்கமாக எழுதினேன். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. சிறந்த, நம்பர் ஒன், நம்பிக்கையான என்ற வார்த்தைகளை அதில் தேடினாலும் கிடைக்காது.

ஐந்தே வாரத்தில் அடையாறுக்கும் பெசன்ட் நகருக்கும் மூன்றாவது இடத்துக்கு வந்தோம். வெளிநாட்டு எண்கள் அவர் போனில் விழ ஆரம்பித்தன. "இன்னா நம்பரும்மா இது, இம்மாம் நீளமா கீது" என்று முதல் அழைப்பை எடுக்கவே பயந்தார். அப்புறம் பழகிவிட்டார். நான் பல் டாக்டரிடம்கூடப் பெருமையடித்துக்கொண்டேன். அவர் பாவம், என்ன தொழில் என்று கேட்டுவிட்டு அப்புறம் பேச்சை மாற்றிவிட்டார்.

அங்கேதான் நான் சறுக்கினேன். மூன்றிலிருந்து ஒன்றுக்குப் போக வேண்டுமென்றால் நட்சத்திரங்கள் வேண்டும். மேப்பில் கடையின் பெயருக்குக் கீழே ஜனங்கள் போடும் மதிப்புரைகள். இவருக்கு மொத்தமே நாலு இருந்தது. வேலை முடிந்த மறுநாள் வாடிக்கையாளருக்குத் தானாகவே ஒரு மெசேஜ் போகும்படி என்னிடம் ஓர் ஏற்பாடு உண்டு. தி.நகர் கேக் கடைக்காக நான் எழுதியது. மற்ற வாடிக்கையாளர்கள் எல்லாருக்கும் அதையேதான் மாட்டியிருக்கிறேன். கடைப் பெயரை மட்டும் மாற்றி, இவருக்கும் அதை ஓடவிட்டேன். எங்கள் சேவை எப்படி இருந்தது, ஐந்து நட்சத்திரம் தாருங்கள், நன்றி. கடைசி வரி, மீண்டும் வருக.

நம் ஊரில் அந்த இரண்டு வார்த்தை இல்லாத கடைப் பலகை ஏது? ஓட்டல் வாசலிலும் இருக்கும், ஊர் எல்லையிலும் இருக்கும். எங்கும் இருப்பதால் கண் அதைப் படிப்பதே இல்லை. துக்க வீட்டிலிருந்து கிளம்பும்போது 'போய்ட்டு வரேன்' என்று சொல்லக் கூடாது என்று சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரியும். அங்கே நன்றியும் சொல்வதில்லை. சொல்லாமல் எழுந்து போய்விட வேண்டும். இதெல்லாம் தெரிந்த நான்தான், அம்மாவையோ அப்பாவையோ எரித்துவிட்டு வந்த மறுநாள் காலையில், ஒன்பது வீடுகளுக்கு மீண்டும் வருக என்று அனுப்பியிருக்கிறேன்.

ஒரு வீட்டிலிருந்து பெட்டிக்காரரைக் கூப்பிட்டுக் கிழித்துத் தொங்கவிட்டிருக்கிறார்கள். இன்னும் யார் சாகணும்னு வரச் சொல்றே என்று கேட்டிருக்கிறார்கள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நேராக என்னிடம் வந்து போனை நீட்டினார். நான் படித்தேன்.

"யாரும்மா இத எழுதுனது? நம்ம ஊரு ஆளுதானா?" என்றார். கோபமே இல்லாமல் கேட்டார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

"நான்தாண்ணா" என்றேன்.

அவர் போனை வாங்கிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். ஏழு ஒற்றை நட்சத்திரங்கள் விழுந்திருந்தன. மேப்பில் நாங்கள் மூன்றாவது இடத்திலிருந்து எங்கோ கீழே போய்விட்டோம். பங்குனி முடிய இரண்டு வாரம் இருந்தது. அவர் நம்பருக்கு நான் உண்டாக்கிய ஆபத்து, அந்த சைட்டுக்காரர்கள் உண்டாக்கியதைவிடப் பெரிது.

எனக்கு அழுது உட்காரத் தெரியாது. ஏற்பாட்டை நிறுத்தினேன், ஒன்பது வீடுகளின் எண்களையும் எடுத்துவைத்துக்கொண்டு வரிசையாகக் கூப்பிட்டேன். தப்பு என்னுடையது, பெட்டிக்காரருக்கு அந்த மெசேஜ் போனதே தெரியாது என்று சொன்னேன். இரண்டு பேர் எடுத்ததும் வைத்துவிட்டார்கள். ஒருவர் என்னை வாய்க்கு வந்தபடி திட்டினார், கேட்டுக்கொண்டேன். ஐந்து பேர் எழுதியதை எடுத்துவிட்டார்கள். ஆனால் எல்லாவற்றுக்கும் மேலே நின்ற ஒன்று போகவில்லை. அடையாறிலிருந்து ஒரு மகள் எழுதியது. 'அம்மாவின் அஸ்தியைக் கரைத்துவிட்டு அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்தோம். மீண்டும் வர வேண்டுமாம்.' அவ்வளவுதான் எழுதியிருந்தார். அதைப் படித்துவிட்டு யாரும் கீழே இருக்கும் போன் நம்பரை அழுத்த மாட்டார்கள். நானே அழுத்த மாட்டேன். அந்தப் பெண் போனை எடுக்கவே இல்லை.

"நேர்ல போலாம் வாங்க" என்றேன் அவரிடம்.

"நான் வர மாட்டம்மா. காரியம் முடியாத வூட்டுக்கு ரெண்டாந்தபா நான் போறதில்ல. என் மூஞ்சியப் பாத்தா அவங்களுக்கு அந்த நாளுதான் ஞாபகம் வரும். வுட்ருங்க. ஸ்டிக்கர ஒட்டிக்கினு போறேன், சோறு கெடைக்கும்."

அந்த 'வுட்ருங்க' எனக்குப் பொறுக்கவில்லை. நான் தனியாகக் கிளம்பினேன். யாரிடமும் பேசிச் சமாளித்துவிடலாம் என்ற திமிர் எனக்கு உண்டு. ஆட்டோவில் போகும்போதே என்ன சொல்ல வேண்டும் என்று வரி வரியாக யோசித்து வைத்திருந்தேன்.

பழைய பிளாட், மூன்றாவது மாடி. அந்த மகளே கதவைத் திறந்தார். என் வயதுதான் இருக்கும். யார் என்று சொன்னேன்.

"அந்த மெசேஜ் நீங்க எழுதினதா?"

"ஆமாம்."

"அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுப் பாத்தீங்களா?"

"இல்லை" என்றேன். யோசித்து வைத்திருந்த வரிகளில் ஒன்றுகூட அதற்கு மேல் வாயில் வரவில்லை.

உள்ளே ஹாலில் சாய்வு நாற்காலியிலிருந்து ஒரு குரல், "யாரும்மா?" என்றது. அவருடைய அப்பா. எண்பதைத் தாண்டியவர்.

"பெட்டிக்காரர் பக்கத்துலேர்ந்து வந்திருக்காங்கப்பா."

"அவர் வரலையா?"

அவர் ஏன் வரவில்லை என்று சொன்னேன். பெரியவர் மகளைப் பார்த்துச் சொன்னார்.

"நீ வந்து எறங்கற வரைக்கும் அவர் போகலைடி. பெட்டிய வெச்சுட்டு, பிளக்க மாட்டிட்டு எல்லாரும் போயிடுவாளாம். ஆத்துல நான் தனியா இருக்கேன்னு பாத்துட்டு அவர் உக்காந்துண்டுட்டார். அந்தக் கண்ணாடில பனி படிஞ்சுண்டே இருந்தது. உங்கம்மா மொகம் தெரியாம போயிடும். எனக்குக் குனிஞ்சு தொடைக்க முடியலை. அவர்தான் அரை மணிக்கு ஒரு தரம் எழுந்து, தோள்ல இருந்த துண்டால தொடைப்பார். நான் பாப்பேன். மறுபடியும் படியும், மறுபடியும் தொடைப்பார். ஒரு வார்த்தை பேசலை மனுஷன்."

"எங்கிட்ட நீ சொல்லவே இல்லையேப்பா."

"சொல்ற மாதிரியா இருந்தது அன்னிக்கு?"

மகள் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தார். தான் வந்தபோது வாசல்படியில் யாரோ ஒருவர் எழுந்து வழிவிட்டது மட்டும் ஞாபகம் இருப்பதாகச் சொன்னார். பதினைந்து வருஷமாக அடுத்தவர் வியாபாரத்தைப் பற்றி நல்ல வார்த்தை எழுதிச் சம்பாதிக்கிறவள் நான். ஒரு வாரம் எதிரில் உட்காரவைத்துப் பேசவிட்டும் இந்த மனிதரிடம் எழுத வேண்டியது எது என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. படிக்கட்டு திருப்பங்களைப் பக்கம் பக்கமாகச் சொன்னவர், இதைச் சொல்லவே இல்லை. அது தொழிலின் பகுதி என்றே அவர் நினைத்திருக்க மாட்டார்.

"அந்த ஒத்த ஸ்டாரை நான் எடுக்க மாட்டேன்" என்றார் மகள்.

"எடுக்க வேண்டாம்" என்றேன். எடுக்கச் சொல்லத்தான் போயிருந்தேன். படிக்காமல் அனுப்பியதாகச் சொன்ன வாயால் அதைக் கேட்க முடியவில்லை. ஒன்றும் சொல்லாமல் படியிறங்கி வந்துவிட்டேன்.

மறுநாள் பார்த்தபோது அந்த மதிப்புரை மாறியிருந்தது. நட்சத்திரம் அதே ஒன்றுதான். கீழே ஆங்கிலத்தில் நீளமாக எழுதியிருந்தார். நான் நாலு தடவை படித்தேன்.

அதற்குப் பிறகு நடந்தது என் தொழிலின் பாடங்கள் எதிலும் இல்லை. ஒற்றை நட்சத்திரம் போட்ட ஒரு மதிப்புரையை ஜனங்கள் திறந்து திறந்து படித்தார்கள். படித்தவர்கள் எல்லாரும் 'உதவியாக இருந்தது' என்று அழுத்தினார்கள். போன் மறுபடி அடிக்க ஆரம்பித்தது. முந்தைய ஐந்து வாரத்தில் அடித்ததைவிட அதிகம். மேப்பில் நாங்கள் ஏழாவதோ எட்டாவதோதான். மேலே இருந்த ஆறேழு பேரைத் தாண்டிக் கீழே வந்து அவரைக் கூப்பிட்டார்கள். பங்குனி கடைசி வாரத்தில் அந்த சைட்டுக்காரன் பதில் கேட்டபோது, ஸ்டிக்கர் வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக எனக்குப் போன் செய்தார். அடுத்த மாதத்துக்குள் முதல் இடத்துக்கும் வந்துவிட்டோம். அதை நான் கொண்டுவரவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன், ஆனால் அந்தப் பக்கத்தை எழுதியது நான்தான் என்பதையும் சேர்த்தே சொல்வேன்.

முதல் இடம் வந்த அன்று அவரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டுக் கம்ப்யூட்டரில் காட்டினேன். இந்தத் தடவை நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்.

"அந்தப் பொண்ணு இன்னாம்மா எழுதிகீது? எல்லாரும் அதப் படிச்சேன் படிச்சேன்றாங்க. எனக்கு இங்கிலீசு தெரியாது. கேக்கவும் கூச்சமா கீது."

படித்துத் தமிழில் சொன்னேன். முதல் வரியைத் தாண்டிப் போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. தாண்டவில்லை.

"இந்த ஒரு நட்சத்திரம் அந்த மெசேஜை எழுதியவருக்கு. பெட்டி கொண்டுவந்தவருக்கு நட்சத்திரம் போட எனக்குத் தகுதி இல்லை. நான் விமானத்தில் இருந்த நேரமெல்லாம் அவர் கண்ணாடியைத் துடைத்து என் அம்மாவின் முகத்தை என் அப்பாவுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். நான் இருந்திருந்தால் செய்திருக்க வேண்டிய வேலை அது. உங்கள் வீட்டில் யாரும் இல்லையென்றால் இவரைக் கூப்பிடுங்கள்."

அவர் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, வழியவிட்டார். எனக்கும் அதே நிலைதான்.

"அந்த ஐயா எப்டி கீறாரு?" என்றார் கடைசியில்.

"பொண்ணு கூட்டிட்டுப் போயிட்டாங்கண்ணா."

"போவட்டும். தனியா கெடக்கக் கூடாது."

அப்போது அவர் போன் அடித்தது. நீளமான எண். எழுந்து ஜன்னல் பக்கம் போய் எடுத்தார். அந்தப் பக்கம் ஓர் ஆண் குரல், 'அம்மா' என்பதற்கு மேல் பேச முடியாமல் திணறுவது எனக்கே கேட்டது. இவர் குறுக்கே பேசவில்லை. தெருப் பெயர் கேட்டார், எத்தனையாவது மாடி என்று கேட்டார். அம்மாவுடன் இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். பதிலைக் கேட்டதும் வேன் சாவியைக் கையில் எடுத்துவிட்டார்.

"அழுவாத நைனா. ஓடாத, நெதானமா வா. நீ வர்ற வரைக்கும் அம்மாகிட்ட நான் கீறேன்."